ஸ்டார் கிடைக்காத பையனுக்கு டைம் யார் கொடுப்பாங்க?

இந்த வாரம் டெக் பக்கம் போகலை, விளையாட்டு பக்கம் போறோம். அதுவும் நம்மள்ல பல பேர் ஹாலிவுட் படத்துல மட்டும் பார்த்திருக்கிற அமெரிக்கன் ஃபுட்பால்.

எனக்கு இது எப்படி அறிமுகம்னா, எங்க டீம்ல ஒருத்தர் அமெரிக்காவுல இருக்கார். எந்த நேரம் கூப்பிட்டாலும் கால்ல வந்துடுவார். ஆனா செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சனிக்கிழமை மட்டும் ஆளைப் பிடிக்கவே முடியாது. ஏன்னு கேட்டா, "என் காலேஜுக்கு மேட்ச்"ன்னார். அவர் காலேஜ் முடிச்சு இருபது வருஷம் ஆகுது! அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க ஆரம்பிச்சேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட ஸ்டேடியத்துல 1 லட்சத்துக்கும் மேல சீட் இருக்கு. நடுவுல ஆடுறவங்க பெரும்பாலும் 18 வயசுல இருந்து 23 வயசுக்குள்ள இருக்கிற பசங்க.

பார்க்கப் பார்க்க, மேட்ச் ஸ்கோரைவிட வேற ஒரு விஷயம் என்னைப் பிடிச்சு வெச்சது. இந்தப் பசங்க எங்கிருந்து வர்றாங்க? 17 வயசுல இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்னு யார் முடிவு பண்றாங்க? அந்த முடிவு தப்பாப் போனா, திருத்திக்க வழி இருக்கா? இன்னைக்கு எபிசோடு இதைப் பத்திதான்.

காலேஜைத் தவிர வேற வழி இல்லை

ஐரோப்பாவுல கால்பந்து கிளப்கள் சின்ன வயசுலயே பசங்களை அகாடமியில சேர்த்து வளர்க்குது. அமெரிக்கன் ஃபுட்பாலோட தொழில்முறை லீக், அதாவது என்.எஃப்.எல், அப்படி எதுவும் பண்றதில்லை. அந்த வேலையை காலேஜ்கள் செய்யுது. பள்ளிக்கூடம் முடிச்சு மூணு வருஷம் ஆகாம என்.எஃப்.எல்லுக்குள்ள வரவே முடியாதுன்னு விதியும் இருக்கு. ஒஹாயோ ஸ்டேட் வீரர் மாரிஸ் கிளாரெட் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க்கோர்ட்டுல ஜெயிச்சார், 2004ல மேல்முறையீட்டுல தோத்துட்டார். விதி இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு.

இப்போ கணக்கைப் பாருங்க. அமெரிக்கப் பள்ளிகள்ல சுமார் 10 லட்சம் பேர் இந்த விளையாட்டை ஆடுறாங்க. என்.எஃப்.எல் வருஷா வருஷம் டிராஃப்ட்ல எடுக்கிறது சுமார் 257 பேர். காலேஜ்ல ஆடி டிராஃப்ட்டுக்குத் தகுதி பெறுறவங்கள்ல கூட, என்.எஃப்.எல் போறது நூத்துக்கு ரெண்டு பேருக்கும் குறைவு. காலேஜ் விளையாட்டை நடத்துற என்.சி.ஏ.ஏ சொல்ற கணக்கே இதுதான்.

கரும்புக் காட்டுல இருந்தும் வரலாம், போர்டிங் ஸ்கூல்ல இருந்தும் வரலாம்

ஃபுளோரிடாவுல ஓகிசோபின்னு ஒரு பெரிய ஏரி. அதன் கரையில பஹோகி, பெல் கிளேட்னு ரெண்டு சின்ன ஊர். கருப்பு மண், சுத்திலும் கரும்பு, நிறைய வறுமை. அறுவடைக்கு முன்னாடி கரும்புத் தோகையைக் கொளுத்துவாங்க. அப்போ உள்ளே இருக்கிற முயல்கள் தெறிச்சு வெளியே ஓடும். ஊர்ப் பசங்க அதைத் துரத்திக் கையாலேயே பிடிப்பாங்க. திரும்பித் திரும்பி ஓடுற முயலைப் பிடிக்கிறவனுக்கு, மைதானத்துல எதிராளியைப் பிடிக்கிறது பெரிய விஷயமா என்ன? ஆன்குவான் போல்டின் பஹோகிக்காரர். ஃபிரெட் டெய்லரும் சான்டோனியோ ஹோம்ஸும் பெல் கிளேட்காரங்க. 2009 பிப்ரவரியில நடந்த சூப்பர் பவுல்ல ஆட்ட நாயகன் இந்த ஹோம்ஸ்தான். இந்த ரெண்டு ஊர்ப் பள்ளிகளும் வருஷா வருஷம் மோதுற மேட்சுக்கு 'மக் பவுல்'னு பேர். மக்னா அந்தக் கருப்பு மண்.

அதே ஃபுளோரிடாவுல, பிராடென்டன் ஊர்ல ஐ.எம்.ஜி அகாடமின்னு ஒரு போர்டிங் ஸ்கூல் இருக்கு. படிப்போட சேர்த்து விளையாட்டுப் பயிற்சி. ஃபீஸ் நடுத்தரக் குடும்பத்துக்கே கண்ணைக் கட்டும். குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தையே நடத்துற ஆள், அந்த இடத்துக்கு ஆசைப்படுற பசங்களுக்கு வசதி இருந்தா தனிக் கோச், கோடை முகாம்னு பல வருஷப் பயிற்சி கிடைக்கும். சில பேருக்கு அது வீட்டுலயே இருக்கு. ஆர்ச் மேனிங்கோட தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பெய்டன், ஈலை, மூணு பேருமே என்.எஃப்.எல் குவாட்டர்பேக்.

ஆக, எல்லாரும் ஒரே கோட்டுல இருந்து ஓட்டத்தைத் தொடங்கறதில்லை. ஆனா எல்லாரையும் அளக்கிற ஸ்கேல் மட்டும் ஒண்ணுதான்.

ஸ்டார் எப்படி வேலை செய்யுது

அந்த ஸ்கேலுக்குப் பேர் ஸ்டார். 247 ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என் மாதிரி நிறுவனங்கள் பள்ளி மாணவர்களுக்கு ரேட்டிங் கொடுக்குது. மேட்ச் வீடியோ, உயரம், எடை, ஓட்ட வேகம், முகாம்ல எப்படி ஆடினான்னு எல்லாம் பார்த்து ரெண்டுல இருந்து அஞ்சு ஸ்டார் வரைக்கும் போடுவாங்க. அஞ்சு ஸ்டார் வருஷத்துக்குச் சுமார் 30 பேருக்குத்தான்.

இது சும்மா கண் துடைப்புன்னு நினைச்சா அது தப்பு. அஞ்சு ஸ்டார் வாங்கினவன் என்.எஃப்.எல் போற வாய்ப்பு, ரெண்டு ஸ்டார்காரனைவிடப் பல மடங்கு அதிகம். அதாவது மாடல் ஓரளவுக்குச் சரியாத்தான் கணிக்குது.

இங்கதான் நம்ம புரோபபிலிட்டி கிளாஸ் ஞாபகத்துக்கு வரணும். அஞ்சு ஸ்டார் 30 பேர்தான். மூணும் அதுக்குக் கீழயும் வாங்கினவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. தனித்தனியாப் பார்த்தா அவங்களுக்கு வாய்ப்பு குறைவு. ஆனா கூட்டம் பெருசு. அதனால என்.எஃப்.எல் அணிகளைத் திறந்து பார்த்தா, 17 வயசுல பெரிய ஸ்டார் இல்லாதவங்கதான் அதிகமா இருப்பாங்க. மாடல் சரி, ஆனா மாடலை மட்டும் நம்பினா பாதி டீமைத் தவறவிட்டுடுவோம்.

ஏன் இப்படி ஆகுது? 17 வயசுங்கிறது ஒரு ஸ்கிரீன்ஷாட் மாதிரி. அந்த நேரத்துல ஒருத்தன் முழுசா வளர்ந்து முடிச்சிருப்பான், இன்னொருத்தன் பாதியிலதான் நிப்பான். ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்சு அளந்தா, முதல் ஆள்தான் ஜெயிப்பான்.

யாரும் கூப்பிடாத ரெண்டு பேர்

ஜாஷ் ஆலன். கலிஃபோர்னியாவுல ஃபயர்பானு ஒரு சின்ன விவசாய ஊர். அவங்க குடும்பமும் விவசாயக் குடும்பம்தான். 2014ல பள்ளி முடிக்கும்போது 6 அடி 3 அங்குலம், 80 கிலோ சொச்சம். குவாட்டர்பேக்குக்கு ஒல்லி. பெரிய காலேஜ் ஒண்ணுகூட ஸ்காலர்ஷிப் தரலை. பக்கத்துல ரீட்லிங்கிற ரெண்டு வருஷக் காலேஜ்ல சேர்ந்தார். அங்க இருந்துக்கிட்டே நாடு முழுக்க இருக்கிற கோச்சுகளுக்கு மெயில் மேல மெயில் போட்டார். நாம வேலை தேடும்போது ரெஸ்யூமே அனுப்புவோமே, அதே மாதிரிதான். கடைசியில வயோமிங் பல்கலைக்கழகம் எடுத்துக்கிச்சு. அங்க முதல்முறையா ஸ்டார்ட்டிங் ஆளா இறங்கின மேட்ச்லயே காறை எலும்பு உடைஞ்சு, அந்த வருஷம் முழுக்கப் போச்சு. 2018 டிராஃப்ட்ல அவர் 6 அடி 5 அங்குலம், 107 கிலோ. ஏழாவது ஆளா பஃபலோ அணி எடுத்தது. 2024 சீசனுக்கு என்.எஃப்.எல்லோட மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

அடுத்து ஜே.ஜே. வாட், விஸ்கான்சின் மாநிலத்துப் பையன், ரெண்டு ஸ்டார். சென்ட்ரல் மிச்சிகன்ல ஸ்காலர்ஷிப்போட ஒரு வருஷம் ஆடினார். அதை உதறிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வாக்-ஆனா வந்தார். வாக்-ஆன்னா ஸ்காலர்ஷிப் கிடையாது, சொந்தச் செலவுல படிச்சுக்கிட்டே அணியோட பயிற்சி எடுக்கிற ஆள். நடுவுல பீட்சா டெலிவரி வேலைகூடப் பார்த்தார். ஆடுற பொசிஷனையே மாத்திக்கிட்டு தடுப்பு ஆட்டக்காரர் ஆனார். 2011 டிராஃப்ட்ல 11வது ஆள். அதுக்கப்புறம் என்.எஃப்.எல்லோட சிறந்த தடுப்பு ஆட்டக்காரர் விருதை மூணு தடவை வாங்கினார்.

அந்த நடு வருஷங்கள்ல என்ன நடக்குது

ரெண்டு கதையிலயும் பொதுவா இருக்கிறது, யாரும் கவனிக்காம வளர்ந்த ரெண்டு மூணு வருஷம். காலேஜ் அமைப்புல அதுக்குன்னே ஒரு ஏற்பாடு இருக்கு. பேர் ரெட்ஷர்ட். ஒரு வீரருக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள நாலு சீசன் ஆட அனுமதி. மிச்சம் இருக்கிற ஒரு வருஷம் பயிற்சி மட்டும். 2018ல இருந்து, அந்த வருஷத்துலயும் நாலு மேட்ச் வரைக்கும் ஆடலாம்னு விதியைத் தளர்த்தினாங்க.

அந்த ஒரு வருஷத்துல பையன் பளு தூக்குவான், காலேஜ் மெஸ்ல கணக்குப் பார்த்துப் போடுற சாப்பாட்டைச் சாப்பிடுவான், வீடியோ போட்டு எதிரணி ஆட்டத்தைப் படிப்பான், கிளாஸுக்கும் போவான். முன்வரிசையில மோதுற லைன்மேன்களுக்கு இது ரொம்ப முக்கியம். 18 வயசுப் பையன், 22 வயசுல 130 கிலோ இருக்கிற ஆளை எதிர்த்து நிக்கணும் இல்லையா? சாப்பாட்டுக்கே இழுபறியா இருந்த வீட்டுல இருந்து வந்தவனுக்கு, மூணு வேளை ஒழுங்கான சாப்பாடே ஒரு ட்ரெய்னிங்தான்.

பெரிய பேரோட வந்தவங்களுக்கும் இந்த டைம் உதவுது. ஆர்ச் மேனிங் 2023ல அத்தனை எதிர்பார்ப்போட டெக்சாஸ் பல்கலைக்கழகம் வந்தார். ஆனா முதல் ரெண்டு சீசன் க்வின் யூவர்ஸுக்குப் பின்னாடி மாற்று ஆளாத்தான் இருந்தார்.

2021க்கு அப்புறம்

இந்த நிதானம்தான் இப்போ குறைஞ்சுக்கிட்டு வருது. 2018 அக்டோபர்ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. காலேஜ் மாற நினைக்கிறவங்க பேரைப் போட்டு வைக்கிற டேட்டாபேஸ் அது. 2021ல இருந்து முதல் தடவை மாறினா ஒரு வருஷம் உட்கார வேண்டியதில்லைன்னு ஆச்சு. 2024ல எத்தனை தடவை வேணும்னாலும் மாறலாம், படிப்புல தகுதி இருந்தா போதும்னு வந்துடுச்சு. 2021 ஜூலை 1ல இருந்து வீரர்கள் தங்களோட பேரையும் முகத்தையும் வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம். 2025 ஜூன்ல ஹவுஸ் வழக்கு சமரசத்துக்குக் கோர்ட் ஒப்புதல் கொடுத்தது. இப்போ காலேஜே நேரடியா வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் வருஷத்துக்கு, எல்லா விளையாட்டும் சேர்த்து ஒரு காலேஜுக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர்.

இதுல நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. கோச்சுகள் கோடிக்கணக்குல சம்பளம் வாங்கினாங்க, ஆடின பையன் ஊருக்கு டிக்கெட் எடுக்கக் காசில்லாம இருந்தான். டிரான்ஸ்ஃபரும் நல்லதுதான். ஒஹாயோ ஸ்டேட்ல மூணு வருஷம் பெஞ்ச்ல உட்கார்ந்திருந்த ஜோ பரோ, டிகிரியை முடிச்சுட்டு 2018ல எல்.எஸ்.யூ போனார். 2019ல 60 டச்டவுன் பாஸ், ஹைஸ்மன் விருது, நேஷனல் சாம்பியன் பட்டம், அடுத்து டிராஃப்ட்ல முதல் ஆள். கதவு திறந்திருந்ததாலதான் அவரால போக முடிஞ்சது.

ஆனா அதே சமரசத்துல இன்னொரு வரி இருக்கு. அதை ஏத்துக்கிட்ட காலேஜ்கள்ல ஃபுட்பால் அணியில மொத்தமே 105 பேர்தான் இருக்கலாம். முன்னாடி ஸ்காலர்ஷிப் 85 பேருக்கு மட்டும்னு கணக்கு, வாக்-ஆன்களுக்கு வரம்பு கிடையாது. 120 பேருக்கு மேல இருந்த அணிகள் சாதாரணம். இந்த மாற்றத்தால இடம் போற பசங்களை வரம்பு இல்லாமத் திரும்பச் சேர்த்துக்கலாம்னு நீதிபதி கிளாடியா வில்கன் வற்புறுத்தினதால ஒரு விலக்கு வந்தது. அது அப்போ இருந்தவங்களுக்கு. அடுத்து வரப்போறவனுக்கு?

ஒரு கோச்சோட இடத்துல இருந்து யோசிங்க. இருக்கிறது 105 சீட். இந்த வருஷம் ஜெயிக்கலைன்னா வேலை போயிடும். போர்ட்டல்ல 22 வயசுல, முழுசா வளர்ந்த, ரெண்டு வருஷ ரெக்கார்ட் இருக்கிற ஆள் கிடைக்கிறான். 18 வயசு ஒல்லிப் பையனுக்கு ஏன் மூணு வருஷம் செலவு பண்ணணும்? அப்படியே வளர்த்தாலும், நல்லா ஆட ஆரம்பிச்சதும் வேற காலேஜ் பெரிய தொகை கொடுத்துக் கூட்டிட்டுப் போயிடலாம். கோச் போடுற கணக்கு தப்பில்லை. ஆனா எல்லாக் கோச்சும் அதே கணக்கைப் போட்டா, அடுத்த ஜே.ஜே. வாட் பீட்சா டெலிவரியோடவே நின்னுடுவான். அவன் பேரே நமக்குத் தெரியாது, அதனால யாரும் வருத்தப்படவும் மாட்டாங்க.

எனக்கு இது ஏன் உறுத்துதுன்னா, நான் காலேஜ் ரெண்டாம் வருஷம் வரைக்கும் ஒரு லூப்பை ஒழுங்கா எழுதத் தெரியாதவன். முதல் செமஸ்டர் லேப் மார்க்கை வெச்சு முடிவு பண்ணியிருந்தா, இந்த மைக் முன்னாடி உட்கார்ந்து சாஃப்ட்வேர் பத்திப் பேச எனக்கு வேலையே இருந்திருக்காது. இப்போ எங்க டீமுக்கு ஆள் எடுக்கும்போது நானும் "ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் வேணும்"னு சொல்ற ஆளாயிட்டேன். இந்த எபிசோடுக்குக் குறிப்பு எழுதும்போதுதான் அது எனக்கே உறைச்சது.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும், ஒரு சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வரலைன்னா ஒரு காலேஜ் மேட்ச் போட்டுப் பாருங்க. பந்து இருக்கிற இடத்தை விட்டுட்டு, ஓரத்துல ஹெல்மெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிற பசங்களைக் கவனிங்க.