அரிச்சுவடியும் ஊர் நூலகமும்

அரிச்சுவடி என்பது குழந்தைக்கு எழுத்தை அறிமுகப்படுத்தும் முதல் புத்தகம். பக்கத்துக்கு ஓர் எழுத்து, அதோடு ஒரு படம், படத்தின் அடியில் ஒரு சொல். அம்மாவில் தொடங்கி ஆடு, இலை, ஈ என்று போகும் வரிசை தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் மனப்பாடம்.

அச்சுக்கு முன்னால் இந்தப் புத்தகம் பனையோலையில் இருந்தது. அதற்கும் முன்பாகக் குழந்தை எழுதிப் பழகியது மணலில். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வார்கள். கை தேறிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்து, எழும்பூரில் தம் பொறுப்பில் இருந்த அனாதைச் சிறுவர் விடுதியில் அதைப் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூல் வழியாக அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது.

தமிழ் மொழி அச்சேறிய முதல் புத்தகத்தின் பெயரும் அரிச்சுவடிதான். 1554இல் லிஸ்பனில் அச்சான அந்த நூலைக் ‘கார்த்தில்யா’ என்கிறார்கள். போர்ச்சுகீசிய மொழியில் அச்சொல்லுக்கு அரிச்சுவடி என்று பொருள். ஆனால் உள்ளே இருந்தது கிறித்தவ வேதபாடம், அதுவும் ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். குழந்தைக்கு ‘அ’ கற்றுத்தர அது உதவியிருக்காது.

ஆங்கில அரிச்சுவடிக்கு இல்லாத ஒரு சிக்கல் தமிழ் அரிச்சுவடிக்கு உண்டு. உயிரெழுத்து பன்னிரண்டும் சொல்லின் முதலில் வரும், அதனால் படம் தேடுவது எளிது. ‘ஔ’ வரும்போது மட்டும் ஔவையாரை அழைத்துக்கொள்ள வேண்டும். மெய்யெழுத்துக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது. ஆகவே கொக்கு, சங்கு, பச்சை, இஞ்சி என்று பதினெட்டு மெய்க்கும் எழுத்து சொல்லின் நடுவிலோ கடைசியிலோ ஒளிந்திருக்கும் படங்களைப் போட்டார்கள். உயிர்மெய்யிலும் இதே கதைதான். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகள் சொல்லுக்கு முதலில் வாரா என்பது இலக்கணம். லட்டும் ரயிலும் அந்த விதியை மீறி அரிச்சுவடிக்குள் ஏறிவிட்டன. ‘ண’வுக்கும் ‘ழ’வுக்கும் அப்படி யாரும் உதவிக்கு வரவில்லை.

இதைக் குறை என்று சொல்வதற்கில்லை. ‘பழம்’ என்ற சொல்லில் ‘ழ’ எங்கே ஒலிக்கிறது என்று தேடும் குழந்தை, சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கப் பழகுகிறது. வாசிப்புக்கு அடிப்படையான திறன் அதுதான். ‘பழம்’, ‘பல்’, ‘பள்ளம்’ மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டும் ஒரு பாட்டி, பயிற்சி ஏதும் பெறாமலே நல்ல ஆசிரியை ஆகிவிடுகிறார்.

எண்ணிக்கை இன்னொரு சுமை. ஆங்கிலக் குழந்தைக்கு 26 எழுத்து. தமிழ்க் குழந்தைக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இத்தனை வடிவத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காலும் கொம்பும் கொக்கியும் பிடிபட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். உகர, ஊகார வரிசைகள்தான் அடங்காதவை. கு, சு, து, மு என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வளைவு வைத்திருக்கிறது. பெரியார் 1935இல் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை 1978இல் தமிழக அரசு ஏற்றபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவை ஒழுங்குபட்டன. பழைய அரிச்சுவடியில் துதிக்கை தூக்கி நின்ற ‘லை’யை இன்றைய குழந்தைக்குத் தாத்தாதான் எழுதிக் காட்ட வேண்டும். உகர வரிசையை அந்த ஆணை தொடவில்லை.

தமிழைப் போலவே உயிர்மெய் அமைப்புடைய கன்னடத்தில் குழந்தைகள் எழுத்துகளைக் கற்கும் வேகத்தை சோனாலி நாக் ஆராய்ந்து 2007இல் கட்டுரை வெளியிட்டார். எழுத்துகள் முழுமையாகப் பிடிபட நான்காம் வகுப்புவரை ஆகிறது என்பது அவர் கண்டது. ஒன்றாம் வகுப்புக்குள் எல்லா எழுத்தும் வந்துவிட வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

அரிச்சுவடியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. படப்புத்தகம் பார்க்கும் சிறு குழந்தைகளின் கண் அசைவைப் பதிவு செய்த ஆய்வுகளில், அவர்கள் பார்வை பெரும்பாலும் படத்திலேயே நின்றது. எழுத்தின் பக்கம் அரிதாகவே திரும்பியது. பெரியவர் விரல் வைத்துக் காட்டி, எழுத்தைப் பற்றிக் கேட்டுப் பேசியபோது பார்வை எழுத்துக்கு வந்தது. சரியாகச் சொன்னால் அரிச்சுவடி இரண்டு பேர் சேர்ந்து படிக்கும் புத்தகம்.

அதன் ஆயுளும் குறுகியது. சில மாதங்களில் குழந்தை அட்டை முதல் அட்டைவரை ஒப்பிக்கும். எழுத்தைப் பார்க்காமலே ‘ஒட்டகம்’ என்று சொல்லும். இந்தக் கட்டத்தில் அடுத்த புத்தகம் கிடைக்க வேண்டும், அதற்கடுத்த வாரம் இன்னொன்று. பக்கத்துக்கு ஒரு வரி, பிறகு இரண்டு வரி என வளரும் கதைகள். இத்தனையையும் காசு கொடுத்து வாங்க எத்தனை குடும்பங்களால் முடியும்? நூலகம் இங்கேதான் தேவைப்படுகிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1992இல் ‘புக்ஸ்டார்ட்’ திட்டம் 300 கைக்குழந்தைகளோடு தொடங்கியது. ஏழு முதல் ஒன்பது மாதக் குழந்தையை உடல்நலப் பரிசோதனைக்குக் கொண்டுவரும் தாயிடம் ஒரு பை கொடுத்தார்கள். அதில் ஒரு படப்புத்தகமும் நூலகத்தில் சேர அழைப்பும் இருந்தன. பேசத் தொடங்காத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் குழந்தைகள் பள்ளியில் சேர்ந்தபோது மற்றவர்களைவிட முன்னே நின்றதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. திட்டம் நாடு முழுக்கப் பரவியது.

தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு பழையது. பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று விரிவான பகுதிகள் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை வகுத்து மெல்லிய கதைப் புத்தகங்களை அச்சிட்டது. அரிச்சுவடிக்கும் பாடநூலுக்கும் நடுவில் கிடந்த பள்ளத்தை நிரப்ப இத்தகைய புத்தகங்களே ஏற்றவை.

ஆனால் சென்னைக்கும் மதுரைக்கும் போய்வரக் கூடிய குழந்தைகள் சிலரே. பலருக்கும் எட்டக்கூடியது ஊர்க் கிளை நூலகம்தான். அது நாளிதழ் வாசிப்போருக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்குமான இடமாகவே பல ஊர்களில் சுருங்கிவிட்டது. குழந்தை நூல்கள் இருந்தாலும் முதுகு மட்டும் தெரியும்படி பெரியவர் உயர அலமாரியில் அடுக்கியிருந்தால் பயனில்லை. எழுத்து தெரியாத குழந்தை அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடுக்கும். அட்டை தெரிய, மூன்றடி உயரத்துக்குள் வைப்பதற்குத் தனியாக நிதி ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு தட்டும், ஒரு பாயும், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கும் நூலகரும் இருந்தால் ஆயிற்று.

பிள்ளைக்கு அரிச்சுவடி வாங்கக் கடைக்குப் போகும் பெற்றோர், திரும்பும் வழியில் கிளை நூலகத்தில் நுழைந்து குழந்தை நூல்கள் எங்கே என்று கேட்கட்டும். நூலக வரியை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.