வளர்ந்தோருக்கு வரும் முகப்பரு

முகப்பரு வாலிபப் பருவத்தினருக்கு மட்டுமே உரியது என்றும், திருமணம் ஆனால் அது தானே மறைந்துவிடும் என்றும் நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. உண்மை அவ்வாறன்று. முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் பரு தொடர்வதுண்டு. அதுவரை பருவே காணாத முகத்தில் அவ்வயதில் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஆண்களைவிடப் பெண்களிடமே இது மிகுதி. இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆயினும் மனம் வாடுகிறது. கவனியாது விட்டால் வடுக்கள் நிலைத்துவிடுகின்றன. இவற்றினும் பெரிய கேடு ஒன்று உண்டு. பருவைப் போக்க எண்ணி, மருந்துக் கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கிப் பூசும் சில களிம்புகளே அக்கேடு. அங்கத்தினர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் அதுபற்றி எச்சரிப்பதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

பரு எவ்வாறு உண்டாகிறது?

நம் தோலில் மயிர்க்கால் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. உடலில் ஊறும் ஹார்மோன்களின் தூண்டுதலால் அச்சுரப்பி மிகுதியாக எண்ணெயைச் சுரக்கிறது. மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய தோல் அணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில், தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகை நுண்கிருமி பெருகுகிறது. பின்னர் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. இவையே பருவின் நான்கு படிகள். சில பருக்களின் முனையில் காணும் கருமை அழுக்கன்று. அடைப்பிலுள்ள தோலின் நிறப்பொருளும் காற்றுப் பட்டு மாறிய எண்ணெயுமே அவ்வாறு தோன்றுகின்றன. ஆகவே பரு வந்தவர் தூய்மை அற்றவர் என்று எண்ணுவது பெரும் பிழை. அழுக்கென்று கருதி முகத்தை நாரால் அழுத்தித் தேய்த்தால் வீக்கம் அதிகரிக்குமேயன்றிக் குறையாது.

பெண்களுக்குத் தாடையிலும் மோவாயிலும், மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் பரு மிகுவது ஹார்மோன் மாறுதலின் அடையாளம். அத்துடன் மாதவிலக்கு ஒழுங்கு தவறுதல், முகத்தில் மயிர் வளர்தல், உடல் பருத்தல் ஆகியவையும் சேர்ந்திருந்தால், 1935-ஆம் ஆண்டு சிகாகோ நகரத்தில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு டாக்டர்கள் விவரித்த சினைப்பை நோயாக இருக்கக்கூடும். அந்நிலையில் முகத்திற்கு மட்டும் மருந்து தேடாமல், டாக்டரிடம் சென்று உடலைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

தொழிலும் பருவும்

செய்யும் தொழிலினாலும் பரு வரும் என்பது புதிய செய்தியன்று. ஜெர்மனியில் குளோரின் ஆலைத் தொழிலாளருக்கு உண்டான கடுமையான பருக்களை 1899-ஆம் ஆண்டிலேயே கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் என்ற சருமநோய் நிபுணர் விவரித்திருக்கிறார். குளோரின் கலந்த சில கரிமப் பொருள்களே அதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. நம் தொழிலுக்கு நெருங்கியது இயந்திர எண்ணெயால் வரும் பரு. விசைத்தறிக்கு எண்ணெய் இடுவோருக்கு முகத்தைக் காட்டிலும் முன்கைகளிலும் தொடைகளிலும், அதாவது எண்ணெய் ஊறிய துணி உராயும் இடங்களில், பருக்கள் தோன்றக்கூடும். எண்ணெய் பட்ட உடையை அன்றன்றே மாற்றித் துவைப்பதும், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுவதும், இயந்திரம் துடைத்த கந்தலால் முகம் துடைக்காதிருப்பதும் இதற்குத் தக்க தடுப்பு முறைகள்.

வயலில் உழைப்போருக்கு வியர்வையும் உராய்வும் சேர்ந்து பருவை வளர்க்கின்றன. சும்மாடு அழுத்தும் நெற்றி, சுமை உராயும் தோள், முதுகு ஆகிய இடங்களில் இதைக் காணலாம். சும்மாட்டுத் துணியை நாள்தோறும் துவைத்துக் காயவைத்தல் நன்று. தலைக்கு எண்ணெய் தாராளமாகத் தடவி அது நெற்றியில் வழிய விடுவதும், நெற்றியோரத்தில் பரு வரக் காரணமாகும். எண்ணெய் தலையோடு நிற்கட்டும், முகத்திற்கு வேண்டாம்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், சாக்லேட்டால் பரு மிகுவதில்லை என்று கூறினர். ஆனால் ஒப்பிடுவதற்குக் கொடுத்த மற்றத் தின்பண்டத்திலும் சர்க்கரையும் கொழுப்பும் நிறைந்திருந்தமையால் அம்முடிவைப் பலர் ஏற்கவில்லை. 2007-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் வெளியான ஆராய்ச்சியில், இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றாத உணவை 12 வாரங்கள் உண்ட இளைஞர்களுக்குப் பரு குறைந்தது. ஆகவே இனிப்புப் பானங்களையும் மிட்டாய் வகைகளையும் குறைத்து, பருப்பையும் காய்கறிகளையும் கூட்டிக்கொள்வதால் நன்மையுண்டு. ஆனால் பத்தியம் மட்டுமே பருவைத் தீர்த்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

அஞ்ச வேண்டிய களிம்பு

இனி, நாம் முதலில் குறிப்பிட்ட கேட்டிற்கு வருவோம். பெட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்பவை ஸ்டீராய்டு வகை மருந்துகள். தக்க நோய்க்கு, தக்க அளவில், டாக்டர் மேற்பார்வையில் பூசினால் இவை அரிய மருந்துகளே. ஆனால் பருவுக்கும் முகத்தை வெளுப்பாக்குவதற்கும் இவற்றைப் பூசுவோர் நம் நாட்டில் பலர். பூசிய சில நாட்களில் சிவப்பு தணியும். முகம் வெளுத்தாற்போலத் தோன்றும். அதனால் மயங்கி மேலும் பூசுகின்றனர். வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன. வெயில் பட்டால் எரிகிறது. முகத்தில் மயிர் வளர்கிறது. போக்க நினைத்த பருவோ முன்னிலும் அதிகமாகப் பொங்குகிறது. களிம்பை நிறுத்தினால் முகம் சிவந்து தாங்கொணா எரிச்சல் உண்டாவதால் மீண்டும் அதையே நாடுகின்றனர். மருந்தாக வந்தது விலங்காக மாறிவிடுகிறது.

இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாதென 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசாங்கம் விதித்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, காவல் நம் கையிலும் இருக்கிறது. முகத்திற்கு எந்தக் களிம்பு வாங்கினாலும் குழாயின் மீதுள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். படிக்க இயலாவிடில் வீட்டிலுள்ள பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். மேற்கூறிய பெயர்களில் ஏதேனும் இருந்தால் டாக்டரின் சொல்லின்றித் தொடாதீர்கள். முன்பே பல நாள் பூசி வந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சருமநோய் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, அவர் காட்டும் முறையில் விடுபடலாம். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு.

முறையான சிகிச்சை

பருவுக்கு நல்ல மருந்துகள் இல்லாமல் இல்லை. பென்சாயில் பெராக்சைடு என்னும் பூச்சு மருந்து கிருமியைக் குறைப்பது. 2.5 சதவீத மருந்தே பெரும்பாலும் போதுமானது. செறிவு கூடினால் எரிச்சலே கூடும். நெசவாளர் இங்கு ஒன்று கவனிக்க வேண்டும். இம்மருந்து சாயத்தை வெளுக்கச் செய்யும் இயல்புடையது. பூசிய கையோடு சாயநூலையோ சேலையையோ தொட்டால் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். ஆகவே இரவில் பூசுவதும், கையை நன்கு கழுவிய பின்னரே தறிக்குச் செல்வதும், தலையணைக்கு வெள்ளைத் துணி இடுவதும் நலம்.

அடாபலீன் என்ற மற்றொரு பூச்சு மருந்து மயிர்க்கால் அடைப்பை நீக்குவது. இரவில் முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவே போதும். முதல் சில வாரங்கள் தோல் உலர்ந்து எரியலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினால் பழகிவிடும். கர்ப்பிணிகள் இதைப் பூசலாகாது. எந்தப் பூச்சு மருந்தாயினும் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இதை அறியாமல் பத்து நாளில் மருந்தை மாற்றுவோரே அதிகம். விரைவில் பலன் தருவதாகக் காட்டும் களிம்பிடம் ஏமாறுவோரும் அவர்களே.

கடுமையான பருவுக்கு டாக்டர்கள் டாக்சிசைக்கிளின் போன்ற மாத்திரைகளைக் குறிப்பிட்ட காலத்திற்குக் கொடுப்பர். அவற்றை நாமாகவே நீட்டித்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவை ஆகிவிடும். 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐசோட்ரெட்டினாயின் மிகக் கடும் பருவையும் தீர்க்க வல்லது. ஆனால் கருவிலுள்ள குழந்தைக்கு அது பெருந்தீங்கு செய்யும். அதனை உண்ணும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் பெண்கள் கருத்தரிக்கலாகாது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மற்றொருவர் வாங்கி உண்பது எத்துணை ஆபத்தென்பதை இதிலிருந்தே உணரலாம்.

காசநோய், வலிப்பு ஆகியவற்றுக்குரிய மருந்துகளில் சிலவும் பருவைத் தோற்றுவிப்பதுண்டு. அதற்காக அம்மருந்துகளை நிறுத்திவிடக் கூடாது; டாக்டரிடம் தெரிவிப்பதே முறை.

அன்றாடக் கடமைகள் எளியவை. நாளைக்கு இருமுறை மென்மையான சோப்பால் முகம் கழுவுக. பருவைக் கிள்ளாதீர், கிள்ளினால் வடு நிலைக்கும். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் செல்லாதீர். தோல் வெந்து கருந்திட்டு உண்டாகக்கூடும். பரு ஆறிய பின் நிற்கும் கருமை தானே மங்கச் சில மாதங்கள் ஆகும். வெயிலில் முகத்தை மறைத்துக்கொண்டால் விரைவில் மங்கும். இக்கருமையைப் போக்கவென்று விற்கும் களிம்புகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பரு குறித்து வெட்கப்பட ஏதுமில்லை. வீட்டில் எவருக்கேனும் முகத்தில் களிம்பு பூசும் பழக்கம் இருந்தால், இன்று மாலையே அக்குழாயை எடுத்து அதன் மீதுள்ள பெயரைப் படித்துப் பாருங்கள் என்று அங்கத்தினர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.