பழைய கணிப்பொறிகளும் வீடியோ விளையாட்டுகளும்



ஓய்வு நேரத்தைப் பயனுள்ள முறையில் கழிக்க மனிதர் மேற்கொள்ளும் பொழுதுபோக்குகள் பல. அஞ்சல்தலை சேர்ப்போர் உண்டு. பழைய நாணயங்களைத் தேடிப் பிடிப்போர் உண்டு. பழுதான வானொலிப் பெட்டியை வாங்கி வந்து அதை மீண்டும் பாட வைப்போரும் உண்டு. இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது இன்னொரு பொழுதுபோக்கு. 1970களிலும் 1980களிலும் வீடுகளில் புழங்கிய சிறு கணிப்பொறிகளையும், அவற்றில் ஆடிய வீடியோ விளையாட்டுகளையும் தேடி எடுத்து, பழுது நீக்கி, மீண்டும் இயக்கி மகிழ்வதே அது. 'ஆண்டுக்கு ஒரு புதுக் கருவி வரும் இக்காலத்தில் அந்தப் பழைய பெட்டிகளால் என்ன பயன்?' என்று சிலர் கேட்கலாம். அதற்குரிய விடையைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

முதலில், இவை வந்த வழியைச் சுருக்கமாகக் காண்போம். ரால்ப் பேயர் என்னும் பொறியாளர் வகுத்த முறையைக் கொண்டு, அமெரிக்காவின் மேக்னவாக்ஸ் நிறுவனம் 1972ஆம் ஆண்டில் 'ஒடிசி' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் கருவிகளில் அதுவே முதலாவது. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' விளையாட்டு வெளிவந்தது. 1978இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் 'பேக்மேன்' என ஒன்றன்பின் ஒன்றாக விளையாட்டுகள் உலகைச் சுற்றி வந்தன. இதற்கிடையில், 1977இல் ஆப்பிள் 2, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் வெளிவந்து, கணிப்பொறியை அலுவலகத்திலிருந்து வீட்டுக்குள் அழைத்து வந்தன. 1982இல் பிரிட்டனில் கிளைவ் சின்கிளேர் வெளியிட்ட இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரமும், அமெரிக்காவில் வந்த கொமடோர் 64உம் எண்ணற்ற இளைஞர்களின் கைக்கு எட்டின.

இந்தக் கதையில் நம் வட்டாரத்திற்கும் பங்கு உண்டு. 1981ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் தொழிற்சாலை திறந்து, ஆப்பிள் 2க்கு வேண்டிய மின்சுற்றுப் பலகைகளைச் செய்தது. அதே ஆண்டில் சிம் வோங் ஹூ சிங்கப்பூரில் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையின் வழியாக உலகெங்கும் கணிப்பொறி விளையாட்டுகளுக்கு நல்ல குரலைத் தந்தது. ஆகவே, இது வெளியூரார் கதை மட்டுமன்று.

சரி, இந்தப் பழைய பொறிகளில் அப்படி என்ன சுவை இருக்கிறது? ஸ்பெக்ட்ரம் கணிப்பொறியையே எடுத்துக்கொள்வோம். அதன் நினைவகம் 48 கிலோபைட். அதாவது 49,152 பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு வேண்டும். எனவே, ஒரு சிறு புத்தகத்தின் அளவுதான் அதன் முழு நினைவும். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப் போல் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு சிறிய இடத்திற்குள் படமும் ஒலியும் விளையாட்டும் அடங்கியது எப்படி? சிக்கனம்தான் காரணம். ஸ்பெக்ட்ரத்தின் திரையில் குறுக்கே 256 புள்ளிகளும் நெடுக்கே 192 புள்ளிகளும் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே நிறம் குறித்து வைத்தால், அதற்கே நினைவகத்தில் பாதி போய்விடும். எனவே, திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்திற்கு இரண்டு நிறங்கள்தாம் என்று வரையறுத்தார்கள். இதனால் முழுத் திரைக்கும் 6,912 பைட்டுகளே போதுமாயின. ஆனால், சிவப்பு வீரன் ஒருவன் பச்சை மரத்தைக் கடக்கும்போது அந்தக் கட்டத்தில் இருவரின் நிறமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இன்று அந்த விளையாட்டை ஆடுவோர் இந்தக் கலப்பைக் குறையாக எண்ணுவதில்லை. மாமியார் வீட்டு முறுக்கில் தெரியும் கைப்பக்குவம் போல, அந்தப் பொறிக்கே உரிய அடையாளமாக அதைக் கொண்டாடுகிறார்கள்.

கட்டுப்பாடே சில வேளைகளில் சுவையாக மாறியதற்கு 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நல்ல சான்று. அதில் வரிசை வரிசையாக இறங்கி வரும் எதிரிகளை நாம் சுடச் சுட, எஞ்சியவர்கள் மேலும் மேலும் வேகமாக நகர்வார்கள். எதிரிகள் குறையும்போது வரைய வேண்டிய உருவங்களும் குறைகின்றன. பொறியின் சுமை தணிகிறது. ஆகவே வேகம் கூடுகிறது. இதைக் கண்ட அதன் படைப்பாளர் டோமோஹிரோ நிஷிகாடோ, அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். ஆட்டத்தின் பரபரப்பே அதில்தான் அடங்கியது.

'பேக்மேன்' விளையாட்டில் இன்னொரு பாடம் இருக்கிறது. அது நிலை எண்ணை ஒரே ஒரு பைட்டில் குறித்து வைக்கிறது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். ஆகவே, 256ஆம் நிலைக்கு வந்ததும் கணக்குத் தடுமாறித் திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்துக் குப்பையாகிவிடும். பைட்டு என்றால் என்ன என்பதைப் பாடநூலில் படிப்பதைவிட இந்தத் திரையைக் கண்ணால் காண்பவர் எளிதில் புரிந்துகொள்வார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?

அறிவுத் திறத்தின் உச்சி என்று 1984இல் வெளிவந்த 'எலீட்' விளையாட்டைச் சொல்லலாம். டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இரு மாணவர்கள் பிபிசி மைக்ரோ கணிப்பொறிக்காக அதை எழுதினார்கள். விண்வெளியில் கப்பலோட்டி வணிகம் செய்யும் விளையாட்டு அது. அதில் எட்டு விண்மீன் மண்டலங்கள். மண்டலத்திற்கு 256 உலகங்கள். ஆக 2,048 உலகங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், இருப்பிடம், ஆட்சிமுறை, விலைவாசி எல்லாம் உண்டு. இவற்றையெல்லாம் எழுதி வைக்க நினைவகத்தில் இடமில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? விதை போன்ற சில எண்களை மட்டும் வைத்து, அவற்றிலிருந்து ஒரு கணக்கு முறையால் உலகங்களை வேண்டும்போது பிறப்பித்தார்கள். ஒரே விதை ஒரே மரத்தைத்தானே தரும்? ஆகவே, எத்தனை முறை திரும்பிச் சென்றாலும் அதே உலகம் அதே பெயரோடு அங்கே இருக்கும்.

வானொலி நேயர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. அக்காலத்தில் விளையாட்டுகள் பெரும்பாலும் ஒலிநாடாவில் வந்தன. பாட்டுக் கேட்கும் அதே கேசட்தான். அதைச் சாதாரணப் பதிவுக் கருவியில் ஓட்டினால் கிறீச்சென்ற ஓசை கேட்கும். அந்த ஓசையில்தான் விளையாட்டு முழுவதும் அடங்கியிருந்தது. ஸ்பெக்ட்ரத்தில் 'சுழி'யைக் குறிக்கும் ஒலியலையைப் போல் இரு மடங்கு நீளமுடைய அலை 'ஒன்று' என்பதைக் குறிக்கும். நினைவகம் நிரம்ப ஏறக்குறைய ஐந்து நிமிடம் பிடிக்கும். நிரல் ஒலியாக இருப்பதால் அதை வானொலியிலும் பரப்பலாம் அல்லவா? நெதர்லாந்தின் என்.ஓ.எஸ். வானொலி 1980களில் அப்படியே செய்தது. பல வகைக் கணிப்பொறிகளுக்கும் பொருந்தும் வண்ணம் 'பேசிகோட்' என்னும் பொது முறை அதற்காகவே வகுக்கப்பட்டது. யுகோஸ்லாவியாவிலும் பெல்கிரேடு வானொலி நிகழ்ச்சி ஒன்றில் நிரல்களை ஒலிபரப்பினார்கள். நேயர்கள் வீட்டில் கேசட்டில் பதிந்து, கணிப்பொறியில் ஏற்றிக்கொண்டார்கள்.

இவை வெறும் வேடிக்கைதானா என்றால், இல்லை. அந்நாளைய கணிப்பொறியை முடுக்கினால், அடுத்த நொடியே 'என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்பது போல அது காத்து நிற்கும். பேசிக் மொழியில் நாலு வரி எழுதினால் நம் பெயரைத் திரை முழுவதும் எழுதிக் காட்டும். சிறுவன் ஒருவன் சில மாதங்களில் அந்தப் பொறியின் உள்ளும் புறமும் அறிந்துவிட முடிந்தது. இன்றைய கருவிகளில் அதற்கு வழியில்லை; நாம் பயன்படுத்துவோராகவே நின்றுவிடுகிறோம். இந்தக் குறையை உணர்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் சிலர், மாணவர்கள் மீண்டும் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்று 2012இல் 'ராஸ்பெரி பை' என்னும் மலிவான சிறு கணிப்பொறியை வெளியிட்டார்கள். பிபிசி மைக்ரோவின் நினைவாக அதன் வகைகளுக்கும் 'ஏ', 'பி' என்றே பெயர் வைத்தார்கள். அந்த பிபிசி மைக்ரோவைச் செய்த ஏகார்ன் நிறுவனத்தில் 1985இல் பிறந்ததுதான் ஆர்ம் என்னும் செயலி. இன்று நம் கைத்தொலைபேசிகளில் இருப்பவை அதன் வாரிசுகளே.

ஆனால், இந்தச் செல்வம் கண்முன்னே அழிந்து வருகிறது. காந்த நாடாவும் வட்டும் காலப்போக்கில் வலுவிழக்கும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நம் முன்னோர் செல்லரித்த ஓலைச்சுவடியைப் புதிய ஓலையில் படியெடுத்து வைத்ததனால்தான் பல நூல்கள் நமக்குக் கிடைத்தன, படியெடுக்காதவை மறைந்தன. கணிப்பொறி நாடாக்களுக்கும் அதே விதிதான். அந்தப் பணியைப் பெரும்பாலும் செய்து வருபவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்ட சாதாரண மக்களே.

இதில் இறங்க விரும்புவோர் எப்படித் தொடங்கலாம்? முதலில் காசு செலவில்லாத வழி. பழைய பொறியைப் போலவே நடிக்கும் நிரல்களை இன்றைய கணிப்பொறியில் ஏற்றிக்கொள்ளலாம். 1997இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய 'மேம்' அத்தகைய ஒன்று. ஆயினும், பழைய விளையாட்டுகளுக்கும் பதிப்புரிமை உண்டு என்பதை மறத்தல் ஆகாது. உரிமையாளர் அனுமதித்தவற்றையும், மறுவெளியீடாக விற்பவற்றையும் நாடுவதே முறை. சுவை பிடித்த பிறகு உண்மையான பொறியை வாங்கலாம்.

வாங்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானியக் கருவி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. இவற்றை நேரே நம் சுவரில் செருகினால் ஒரு நொடியில் கருகிப் போகும். கொமடோர் 64இன் பழைய அடாப்டர் முதுமையால் பழுதாகி, மிகை மின்னழுத்தத்தை அனுப்பி நினைவகச் சில்லுகளைக் கொன்றுவிடுவதுண்டு. புதிய அடாப்டர் வாங்குவதே நலம். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் 2 போன்றவற்றின் மின்பகுதியில் உள்ள காகித மின்தேக்கிகள் நாளடைவில் வெடிப்பு விட்டு ஈரத்தை உறிஞ்சும். மின்சாரம் பாய்ந்ததும் புகைந்து நாறும். நம் ஊரின் ஈரக் காற்றில் இது எளிதில் நேரும். மின்பலகையில் பற்றவைத்த பழைய மின்கலம் கசிந்தால் செம்புக் கோடுகளை அரித்துவிடும். எனவே, எந்தப் பழைய பெட்டியையும் வாங்கியவுடன் முடுக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கி, விவரம் அறிந்தவரிடம் திறந்து காட்டிய பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியில்தான் இந்த விளையாட்டுகள் அழகாகத் தெரியும் என்பார்கள். ஒளிபரப்பு மாறியதால் அந்தப் பெட்டிகளைப் பலர் எறிந்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 2019 சனவரியிலும், மலேசியாவில் அதே ஆண்டு அக்டோபரிலும் பழைய முறை ஒளிபரப்பு நின்றது. ஆனால், விளையாட்டுக் கருவிக்கு ஒளிபரப்புத் தேவையில்லை. கம்பி இணைப்பே போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: அந்தப் பெட்டியின் பின்மூடியைப் பழக்கமில்லாதவர் ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளே 20,000 வோல்ட் அளவிலான மின்னழுத்தம் உண்டு. பெட்டியை அணைத்த பின்னும் குழாயில் அது தங்கியிருக்கும்.

பொருள்களைப் பாதுகாப்பதும் எளிதே. நாடாக்களையும் வட்டுகளையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. வெயில் படாத இடத்தில் வைத்தால் பிளாஸ்டிக் மஞ்சளாவது குறையும். எல்லாவற்றிற்கும் மேலாக, செலவில் அளவு வேண்டும். ஆசை மிகுந்து குடும்பப் பணத்தைக் கொட்டினால் பொழுதுபோக்கு பொழுதழிப்பாகிவிடும்.

நேயர்களே! உங்கள் வீட்டுச் சாமான் அறையில் தூசி படிந்த கணிப்பொறியோ, பெயரெழுதிய கேசட்டுகளோ கிடக்கலாம். குப்பைக்கு அனுப்புமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்தக் கேசட்டில் உங்கள் அண்ணனோ மாமாவோ பள்ளி நாளில் எழுதிய நிரல் இருக்கக்கூடும். அதற்கு உலகில் வேறு படி இல்லை. பிள்ளைகளை அருகில் அமர்த்தி, பெரியவர்கள் அதை இயக்கிக் காட்டினால், கருவியை வாங்குவது மட்டுமன்று, அதை அறிவதும் இன்பம் என்பதை அவர்கள் உணர்வார்கள். அந்த உணர்வு வாய்த்த பிள்ளை நாளை புதிய கருவியைப் படைக்கவும் முன்வரும்.