காத்திவாக்கத்தில் குடிபோகப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டை மூன்று முறை பாருங்க!

“ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிடணும்.”

ஒரு மாசமா எங்க வீட்டில் ஓடும் ஒரே டயலாக் இதுதான். ராயபுரத்தில் நாங்க இப்போ குடியிருக்கிற வீட்டை ஓனர் இடித்துக் கட்டப் போகிறார். அம்மாவுக்கு ஆடியில் குடிபோகக் கூடாது. அப்பாவுக்கு வீசிங் இருக்கு. எனக்கு ஆபீஸ் போக ரயிலோ மெட்ரோவோ வேணும். எல்லாத்துக்கும் மேல பட்ஜெட் இடிக்குது.

இந்தக் கணக்கை எல்லாம் கூட்டிக் கழிச்சுப் பார்த்ததில், விரல் போய் நின்ற இடம் காத்திவாக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் 4 மணிக்கு புரோக்கர் அண்ணன் வீட்டைக் காட்டினார். தரைத்தளம், இரண்டு ரூம், புதுசா பெயின்ட் அடித்த சுவர். ஜன்னலைத் திறந்ததும் கடல் காத்து. “ஏசியே வேணாம் பாப்பா” என்றார். அம்மா சாமி படம் மாட்ட இடமே பார்த்துட்டாங்க.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று போனை எடுத்த நேரம். எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: “ராத்திரி வந்து பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. வாடகைக்கு வீடு தேடும் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. புரோக்கர் காட்டும் அரை மணி நேரத்தை நம்பி அடுத்த சில வருஷத்தை முடிவு பண்ணுகிறோம். எண்ணூர் பக்கம் வீடு தேடும்போது அது போதவே போதாது. ஏன்?

காத்திவாக்கம்: ஒரு சின்ன அறிமுகம்

கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். மூன்று பக்கமும் தண்ணீர். தனி நகராட்சியாக இருந்த காத்திவாக்கம், 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அப்போது இணைந்த 42 உள்ளாட்சி அமைப்புகளில் இதுவும் ஒன்று. இப்போது மண்டலம் 1, திருவொற்றியூர்.

சுற்றிலும் தொழிற்சாலைகள். அசோக் லேலண்ட் ஆலை, உர ஆலை, முகத்துவாரத்தைத் தாண்டினால் வடசென்னை அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம். தென்மேற்கே மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு, ரசாயன ஆலைகள். பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. இந்த ஊருக்கு வேலை கொடுத்ததும் ஆலைகள்தான், மூச்சு முட்ட வைத்ததும் ஆலைகள்தான்.

முதல் முறை: வேலை நாளில் காலை 6 மணி

ஞாயிற்றுக்கிழமை பார்த்த தெருவும் திங்கட்கிழமை காலை பார்க்கும் தெருவும் வேற வேற.

முதலில் தண்ணீர். ஓனரிடம் “தண்ணி வசதி இருக்கா?” என்று கேட்டால், “இருக்கு” என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்க. மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வரும்? தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா? சம்ப்பில் விழுதா, தெருக் குழாயில் பிடித்து வரணுமா? மோட்டார் யாருடைய மீட்டரில் ஓடுது? லாரித் தண்ணி வாங்கினால் காசு யார் கொடுக்கணும்?

காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2010 முதல் இருக்கிறது. வடசென்னைக்கு அது பெரிய துணையாக இருந்திருக்கிறது. ஆனால் உங்க குழாயில் என்ன வருது என்பது தெருவுக்குத் தெரு மாறும்.

போர் தண்ணி என்றால், கடலோரம் என்பதால் உப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பாட்டிலில் பிடித்து டெஸ்ட் பண்ணுங்க. குடிநீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். கையில் வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர், உப்பு போன்ற கரைந்த பொருட்களின் மொத்த அளவைத்தான் காட்டும். கிருமியோ எண்ணெயோ இருந்தால் அதில் தெரியாது. லேப்பில் கொடுத்துப் பார்ப்பதுதான் சரி.

அடுத்து ஆபீஸ் பயணம். சென்னை சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் பாதையில் விம்கோ நகருக்கும் எண்ணூருக்கும் நடுவில் காத்திவாக்கம் ஸ்டேஷன். ஒரு ஸ்டாப் தள்ளி விம்கோ நகரில் இறங்கினால் மெட்ரோ பிடிக்கலாம். வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. அடுத்த ஆண்டு டெப்போ ஸ்டேஷனும் திறந்தாச்சு. அங்கே ஏறினால் ஏர்போர்ட் வரை ஒரே லைன்.

பைக்கில் போறவங்களுக்கு வேற கதை. சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்களின் கன்டெய்னர் டிரெய்லர்களும் ஓடும் ரோடுகள் இவை. கூகுள் மேப் சொல்லும் நிமிஷத்தை நம்பாமல், ஒரு வேலை நாளில் அந்த வீட்டு வாசலில் இருந்து ஆபீஸ் வரை ஒருமுறை நிஜமாவே போய்ப் பாருங்க.

இரண்டாம் முறை: ராத்திரி 10 மணி

அக்கா கேட்ட கேள்விக்குப் பின்னால் ஒரு அறிவியல் இருக்கு.

பகலில் தரை சீக்கிரம் சூடாகும். அதனால் கடலில் இருந்து காற்று ஊருக்குள் வீசும். நமக்குச் சாயந்தரம் கிடைத்த ‘ஏசியே வேணாம்’ காத்து அதுதான். ராத்திரியில் தரை சீக்கிரம் ஆறிவிடும். காற்று திசை மாறி, ஊருக்குள் இருந்து கடலை நோக்கிப் போகும். காத்திவாக்கத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? தொழிற்பேட்டை. அதோடு, இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து நின்றுவிட்டால் புகையும் வாடையும் மேலே கலையாமல் கீழேயே தேங்கும்.

புதன்கிழமை ராத்திரி அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். தெரு முனையில் இறங்கும்போதே ஒரு நெடி. பத்து நிமிஷத்தில் அப்பா இருமத் தொடங்கி, பாக்கெட்டில் இருந்து இன்ஹேலரை எடுத்துட்டார். அம்மா எதுவும் பேசவில்லை.

ஆப் பார்த்தால் போதாதா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ ஆப்பில் மணலி போன்ற இடங்களின் காற்றுத் தரக் குறியீடு தெரியும். காத்திவாக்கம் நகராட்சி கல்யாண மண்டபமும் வாரியம் காற்று மாதிரி எடுக்கும் இடங்களில் ஒன்று. நுண்துகள் பிஎம் 2.5 ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் வரம்பு. ஆனால் இந்தக் குறியீடு பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடப்படுவது. பத்து நிமிஷம் வந்து போகும் நெடி அதில் தெரியாது. மூக்கும் அக்கம்பக்கமும்தான் சொல்லணும்.

நெடி மட்டும் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம், எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதியில் அம்மோனியா கசிந்தது. கப்பலில் இருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு அது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் தூக்கத்தில் இருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

இந்தப் பக்கம் குடிபோறவங்க தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது: மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்க. காற்று எங்கிருந்து வருதோ, அதற்குக் குறுக்காக விலகிப் போங்க. கண் எரிந்தால் நல்ல தண்ணீரில் விடாமல் கழுவுங்க. ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, மாநகராட்சி 1913.

வீட்டில் ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால், இந்த ராத்திரி விசிட்டைத் தள்ளிப்போடவே கூடாது. டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மூன்றாம் முறை: ஒரு மழைக்கு அப்புறம்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். சென்னை முழுக்க வெள்ளம் வந்தது. எண்ணூருக்கு வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. மணலி சிபிசிஎல் பகுதியில் இருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக முகத்துவாரம் வரை பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. பாதிக்கப்பட்ட 2,301 மீனவர்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என அரசு நிவாரணம் அறிவித்தது.

வீடு பார்க்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே புது பெயின்ட் இருக்கும். அதனால் வெளியே பாருங்க. பக்கத்து காம்பவுண்டு சுவர், இபி பாக்ஸ், படிக்கட்டு ஆகியவற்றில் தண்ணி நின்ற கோடு தெரியும். தெரு மட்டத்தை விட வீட்டு வாசல் தாழ்வாக இருந்தால், ரோடு போடப்போட அது இன்னும் தாழும். எதிர்வீட்டில் “2023-ல எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?” என்று கேட்டால், முழங்காலா இடுப்பா என்று கையைக் காட்டியே சொல்லிடுவாங்க. முடிந்தால், ஒரு நல்ல மழை விட்ட மறுநாள் நேரில் போய்ப் பாருங்க.

அட்வான்ஸ், அக்ரிமென்ட்: சட்டம் என்ன சொல்லுது?

2017-ல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நமக்குத் தேவையானவை:

* வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். ஆன்லைனிலேயே செய்யலாம்.
* ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அதனால் கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் படிங்க.
* காலி செய்த பிறகு, பிடித்தம் போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரணும்.
* சண்டை வந்தாலும் தண்ணி, கரன்ட்டை ஓனர் நிறுத்தக் கூடாது.

வாய்வார்த்தையாகச் சொன்ன எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் ஏற்றிடுங்க. லாரித் தண்ணிக் காசு, மோட்டார் கரன்ட், வெள்ளத்தில் வீடு பாழானால் ரிப்பேர் யார் பொறுப்பு என்பது வரை. இபி சர்வீஸ் நம்பரை வாங்கி, பாக்கி இருக்கா என்று பாருங்க. தனி மீட்டர் இருந்தால்தான் 100 யூனிட் இலவசம் நேரடியாக உங்களுக்குக் கிடைக்கும். கரன்ட் புகாருக்கு மின்னகம்: 94987 94987.

ஷிப்டிங் வாரம்

* கேஸ்: சென்னைக்குள்ளேயே, அதே கம்பெனியில் என்றால் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. இணைப்பைப் புது முகவருக்கு மாற்றினால் போதும்.
* வாக்காளர் பட்டியல்: படிவம் 8. ஆதார், ரேஷன் கார்டு முகவரியையும் மாற்றிடுங்க. வெள்ள நிவாரணம் மாதிரி விஷயங்களில் ரேஷன் கார்டு முகவரி ரொம்ப முக்கியம்.
* குட்டி யானை வண்டி பேசும்போது லோடிங் கூலி, மாடி கூலி சேர்த்தா, தனியா என்று கேட்டுக்கோங்க. டிரெய்லர் நெரிசலுக்கு முன் விடியற்காலையில் கிளம்புவது நல்லது.

சரி, நாங்க என்ன செய்தோம்?

ராத்திரி விசிட் முடிந்து கிளம்பும்போது அதே அக்கா வாசலில் இருந்தாங்க. “சொன்னதுக்கு தேங்க்ஸ்க்கா” என்றேன். “நீங்க பார்த்துட்டு வேணாம்னு போகலாம். நாங்க பொறந்ததே இங்கதான், எங்க போறது?” என்று சிரிச்சாங்க. கூடவே தன் போன் நம்பரையும் கொடுத்தாங்க. “வந்தீங்கன்னா, எந்நேரம்னாலும் கூப்பிடு.”

மூன்று முறை வீடு பார்ப்பது வாடகைக்காரருக்குக் கிடைக்கும் வசதி. அங்கேயே வாழ்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. சுத்தமான காற்றும், ராத்திரி ஆபத்து வந்தால் எழுப்பும் எச்சரிக்கை ஏற்பாடும் அவர்களுக்கு ஆலைகளும் அரசும் தர வேண்டியவை. ஜன்னலை மூடிக்கொண்டு அவரவர் சமாளிக்கும் விஷயம் இல்லை இது.

ஓனரிடம் கெஞ்சி இன்னும் ஒரு மாசம் டைம் வாங்கியிருக்கோம். திருவொற்றியூர் மெட்ரோ பக்கமும் ஒரு வீடு வந்திருக்கு. வாடகை கூட. அப்பா “நான் சமாளிச்சுப்பேன்” என்கிறார். அம்மாதான் அதை ஒத்துக்கவில்லை. ஆடிக்கு முன்னால் என்று ஒரு மாசமாகக் குதித்த அதே அம்மா, “போகட்டும், ஆவணியில பால் காய்ச்சிக்கலாம்” என்று சொல்லிட்டாங்க.

அதுக்குள்ள ஒரு நல்ல மழை வரும். மறுநாள் இரண்டு தெருவையும் போய்ப் பார்த்துட்டுத்தான் அட்வான்ஸ்.