சுரங்கம் மூடிய பின் கிடைத்த சம்பளம்

கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய தொழில் அது. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்ட ஊர். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலமட்டத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் சென்றது. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் மூன்று, நான்கு தலைமுறைகளாக அங்கே உழைத்தன. தந்தைக்குப் பின் மகன் சுரங்கத்தில் இறங்குவது இயல்பாயிருந்த அவ்வூரில், பெரும்பாலும் நடுவயதினரான சில ஆயிரம் பேர் ஒரே நாளில் வேலையற்றோர் ஆயினர்.

மூடல் நிகழ்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர், அவ்வட்டாரத்துக் கிளை ஒன்றில் பணிபுரியும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. நெடுங்காலம் வேலையின்றி இருந்த ஒருவர் நடுவயதில் மீண்டும் ஒரு வேலையில் அமர்வது எவ்வாறு நிகழ்கிறது என்பது குறித்து நான் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, அங்கு வந்த வாடிக்கையாளர்கள் கூறியதே. இன்று இந்நிலை நூற்பாலைத் தொழிலாளிக்கும் நேர்கிறது, மென்பொருள் நிறுவன மேலாளருக்கும் நேர்கிறது. தொகைகள் வேறுபடலாம், கணக்கு ஒன்றுதான்.

வேலை போகும் வேளையில் கையில் ஒரு மொத்தத் தொகை வந்து சேர்கிறது. பணிக்கொடை, சேமநிதி, இழப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றாகக் கணக்கில் ஏறும்போது, அதுவரை தம் பாஸ்புக்கில் ஐந்து இலக்கத்துக்கு மேல் கண்டிராதவர் ஆறு, ஏழு இலக்கங்களைக் காண்கிறார். அத்தொகை செல்வம்போல் தோன்றுகிறது. உண்மையில் அது இனி வரப்போகாத பல மாதச் சம்பளங்களின் கூட்டுத்தொகை. தங்கவயலில் அத்தொகை சென்ற வழிகளை வயதான வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் சொல்வார்கள்: முதலில் பழைய கடன், அடுத்து மகளின் திருமணம், பிறகு கடை.

அந்தக் கடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஓர் ஊரின் ஒரே பெரிய ஆலை மூடப்படும்போது, ஒரே மாதத்தில் பலர் கையில் பணம் சேர்கிறது. பலருக்கும் தோன்றும் தொழில் மளிகைக்கடை, தேநீர்க்கடை, ஆட்டோ. கடைகள் பெருகும் அதே வேளையில் வாங்குவோரின் வருமானம் நின்றுபோயிருக்கிறது. விற்பனை நடக்கும்; ஆனால் கடனுக்கு நடக்கும். "கல்லாவைவிடக் கடன் நோட்டுத்தான் சார் கனமா இருந்தது" என்றார் அவ்வாறு கடை வைத்து மூடிய ஒருவர். முத்ரா போன்ற திட்டங்களில் கடன் வழங்குவதைப் பணியாகக் கொண்ட நானே இவ்வாறு எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இருப்பினும் சொல்கிறேன்: வேலையிழந்த முதல் ஆறு மாதங்களுக்குள், முன்பின் அறியாத தொழிலில், இழப்பீட்டுத் தொகையில் பாதிக்கு மேல் முதலிடுவதை எந்த வாடிக்கையாளருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. அத்தொகையின் பெரும்பகுதியை வெவ்வேறு முதிர்வுத் தேதிகள் கொண்ட சிறுசிறு வைப்புகளாகப் பிரித்து வைப்பதே என் ஆலோசனை. ஓர் அவசரத்துக்காக முழுவதையும் உடைக்க நேராது. கைமாற்றுக் கேட்டு வரும் உறவினரிடம், பணம் வைப்பில் இருக்கிறது என்று உண்மையாகவே சொல்லவும் முடியும்.

அடுத்து வருவது காத்திருக்கும் காலம். சுரங்கத்தில் ஆட்களையும் தாதுவையும் மேலே இழுக்கும் வைண்டிங் எஞ்சினை இயக்கியவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளராக இருந்தார். பலருடைய உயிர் தம் கையிலிருக்கும் வேலை அது என்பதால் அதற்கெனத் தனி மதிப்பு உண்டு. மூடலுக்குப்பின் பெங்களூரில் காவலாளி வேலை கிடைத்தும் அவர் மூன்று ஆண்டுகள் அதை ஏற்கவில்லை. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை என்பது அவர் சொன்ன காரணம். சீருடை அணிந்து வாயிலில் நிற்பதை ஊரார் கண்டால் என்ன நினைப்பார்கள் என்பது சொல்லாத காரணம். இரண்டையும் நான் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் வணிகவியல் படித்தவன் என்ற முறையில் முதல் காரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியும்.

கையிலுள்ள தொகை 6 லட்சம் ரூபாய், வீட்டுச் செலவு மாதம் 25,000 ரூபாய் எனக் கொள்வோம். வட்டியையும் விலைவாசி உயர்வையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 24 மாதங்களில் அத்தொகை தீர்ந்துவிடும். மாதம் 14,000 ரூபாய் கைக்கு வரும் வேலையொன்றை ஏற்று, அதில் போக்குவரத்துக்கும் வெளியில் உண்பதற்கும் 2,000 ரூபாய் போனால், சேமிப்பிலிருந்து எடுக்கவேண்டியது 13,000 ரூபாய். இப்போது அதே 6 லட்சம் 46 மாதங்களுக்கு வருகிறது. அந்த வேலை பழைய சம்பளத்தில் பாதியாக இருக்கலாம். ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசத்தையும் அது வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தில்தான் இதைவிட நல்ல வேலையைத் தேட முடியும். வேலையில் இருப்பவரை வேலைக்கு அழைப்பதும், வெறுமனே இருப்பவரைத் தயங்கிப் பார்ப்பதும் முதலாளிகளின் வழக்கம். நியாயமோ இல்லையோ, நடைமுறை அதுவே.

தங்கவயல்காரர்களுக்கு அந்த அவகாசத்தைத் தந்தது இரயில் வண்டி. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் வண்டிகளில் விடியுமுன் ஏறி, நெடுந்தூரம் பயணம் செய்து, இரவில் வீடு திரும்புவோர் இன்றும் ஏராளம். சுரங்க வேலைக்கு ஈடான வேலை பெங்களூரில் இல்லை. ஆனால் சீசன் டிக்கெட் எடுத்தவர்களுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. நான் விசாரித்தவர்களுள் பலருக்கும் அவ்வேலை விளம்பரத்தால் கிடைக்கவில்லை. விளம்பரங்கள் 35 வயதோடு நின்றுவிடுகின்றன. அதே பெட்டியில் பயணம் செய்த பழைய ஷிஃப்ட் நண்பர் ஒருவர், தாம் பணிபுரியும் இடத்தில் ஆள் தேவைப்படுவதைச் சொல்லியிருப்பார். நடுவயதில் வேலை தேடுபவர் விண்ணப்பங்கள் அனுப்பட்டும், தவறில்லை. ஆனால் தமக்கு வேலை இல்லை என்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெட்கத்தால் அதை மறைத்தவர்களே மிக நீண்ட காலம் வீட்டிலிருந்தார்கள்.

வயது வரம்பு பற்றி ஒரு செய்தி. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005, காவலாளி ஒருவர் 65 வயதுக்கு உட்பட்டவராக இருக்கவேண்டும் என்கிறது. ஐம்பது வயதில் புதிதாகச் சேர்வதற்குச் சட்டமே இடமளிக்கும் தொழில் என்ற வகையில், அதை இளக்காரமாகக் கருதவேண்டியதில்லை. மேற்சொன்ன வாடிக்கையாளர்கூட இறுதியில் அதில்தான் சேர்ந்தார். ஓராண்டுக்குள், அவர் காவல் காத்த அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டுகளையும் ஜெனரேட்டரையும் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கம்பிவடத்தின் ஒலியைக் கேட்டே பழுதைச் சொல்லக்கூடியவர் வாயிலில் நிற்கிறார் என்பது, அவர் வாயிலுக்கு வந்த பிறகுதான் அங்குள்ளோருக்குத் தெரிந்தது.

குறைந்த சம்பளமுள்ள அந்த முதல் வேலையில் சேரும் நாளில் செய்யவேண்டிய ஒரு காரியத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995இன் கீழ், பத்து ஆண்டுப் பணிக்காலம் இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. எட்டு ஆண்டில் வேலை போனவர், இடைக்காலத் தேவைக்காக அந்த ஓய்வூதியப் பகுதியையும் எடுத்துவிட்டால், அந்த எட்டு ஆண்டுகள் அழிந்துபோகின்றன. மாறாக, படிவம் 10சி வழியாகத் திட்டச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொண்டால், புதிய வேலையின் இரண்டு ஆண்டுகள் பழைய எட்டோடு கூடிவிடும். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பது கணக்கிடும் முறை. சம்பளம் 15,000 ரூபாய், பணிக்காலம் 10 ஆண்டு என்றால் மாதம் ஏறத்தாழ 2,143 ரூபாய். பெரிய தொகை அன்று. ஆனால் வாழ்நாள் முழுவதும் வரும். அவருக்குப் பின் மனைவிக்கும் ஒரு பகுதி வரும். காவல், துப்புரவு, ஒப்பந்தக் கட்டுமானம் போன்ற வேலைகளில் சேர்வோர், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில் சேமநிதி பிடித்தம் உண்டா என்றும் கேட்கவேண்டும். உண்டென்றால், 2014 முதல் வழங்கப்படும் நிரந்தரக் கணக்கு எண்ணை, அதாவது யுஏஎன் எண்ணை, முதல் நாளே கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் புதிய எண் உருவாகி, ஒரே மனிதரின் உழைப்பு இரண்டு ஏடுகளில் பிரிந்து கிடக்கும். இடைவெளிக் காலத்தில் சேமநிதியிலிருந்து எவ்வளவு, எப்போது எடுக்கலாம் என்பதற்கான விதிகள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. எடுக்குமுன் அன்றைய விதியைச் சேமநிதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்க.

வங்கிக் கடன் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதற்குப் பின் கிளை மேலாளரின் கைகள் பெருமளவு கட்டப்பட்டுவிடுகின்றன. வேலை போன முதல் மாதத்திலேயே, பணிநீக்கக் கடிதத்தோடு வந்து பேசுபவருக்குத் தவணைக் காலத்தை நீட்டுவது போன்ற வழிகளை ஆராய இடமிருக்கிறது. நான்காவது மாதம், தொலைபேசியை எடுக்காமல் இருந்துவிட்டு வருபவருக்கு அந்த இடம் மிகக் குறைவு. பிணைக் கையொப்பமிட்ட நண்பரும் அப்போது சிக்கலில் இருப்பார்.

மற்றொன்று, நிறுவனம் எடுத்திருந்த குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் காப்பீட்டுக்கு மாறிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆனால் வேலை முடியும் முன்னரே விண்ணப்பிப்பது நல்லது. சம்பளக் கணக்கோடு இணைந்த விபத்துக் காப்பீடும் சம்பளம் வருவது நின்றால் நீடிக்காது. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் 70 வயது வரை உள்ளோருக்கு உரியது. வேலையற்ற மாதங்களிலும் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம்.

பெங்களூரில் எட்டு ஆண்டு பணிபுரிந்த தொழிற்சாலை மூடப்பட்டு, நான்கு ஆண்டு இடைவெளிக்குப்பின் காவல் பணியில் சேர்ந்த மற்றொரு வாடிக்கையாளர், பழைய திட்டச் சான்றிதழை வங்கிப் பெட்டகத்திலேயே வைத்திருந்தார். 58 வயது நிறைந்ததும் அதை எடுத்துக்கொண்டு, படிவம் 10டியை நிரப்புவதற்கு எங்கள் கிளைக்கு வந்தார். ஓய்வூதியம் வரவேண்டிய கணக்கு எண் என்ற இடத்தில், முதல் காவல் சம்பளம் ஏறிய அதே சேமிப்புக் கணக்கின் எண்ணை எழுதினோம்.