விலையில்லா மென்பொருளுக்குப் பெரிய கடையில் விலை

அமேசன் இணைய அங்காடியில் ‘ஒபிஸ்’ மென்பொருள் என்று தேடிப் பார்ப்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனித்திருக்கக் கூடும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விலை கூடிய பொதிகளுக்கு அருகிலேயே, ‘வேர்ட், எக்ஸெல் கோப்புகளைத் திறக்கும், ஆண்டுச் சந்தா இல்லை’ என்ற விளம்பரத்துடன் இறுவட்டிலும் பென்ட்ரைவிலும் மலிவான பொதிகள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கும். இவற்றை விற்பது பெரும்பாலும் அமேசன் அல்ல; அதன் தளத்தில் இடம்பிடித்த ஏதோ ஒரு வெளி வியாபாரி. பொதியைத் திறந்தால் உள்ளே இருப்பது பல வேளைகளில் லிப்ரே ஒபிஸ் அல்லது ஓபன் ஒபிஸ். இரண்டுமே அவற்றின் உரிய இணையத்தளங்களிலிருந்து எவரும் ஒரு சதமும் கொடுக்காமல் தரவிறக்கிக்கொள்ளக் கூடியவை.

அப்படியானால் இது மோசடியா என்று கேட்டால், சட்டப்படி இல்லை என்பதே பதில். திறந்த மூல மென்பொருளின் உரிம ஒப்பந்தம் அதைப் பிரதி செய்யவும் மற்றவருக்குக் கொடுக்கவும் அனுமதிப்பது போலவே, காசுக்கு விற்கவும் அனுமதிக்கிறது. ‘சும்மா கிடைப்பதைக் காசுக்கு விற்கிறானே’ என்று கோபப்படுவதற்கு முன், கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்பவரையும் நாம் வியாபாரி என்றே சொல்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்கலாம். ஆனால் போத்தலில் யார் அடைத்தார், எங்கே அடைத்தார் என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்! மென்பொருளிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே கோப்பாயைத் தாண்டினால் வருவது நீர்வேலி. செம்மண்ணுக்கும் வாழைக்கும் பேர் பெற்ற ஊர். அங்கே வாழைக்குலை கொள்வனவு செய்து வெளி மாவட்டத்துக்கு அனுப்பும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியது பெரிய கணக்கியல் தொகுதி அல்ல. தோட்டக்காரர் பெயர், குலையின் நிறை, கழிவு, கிலோ விலை, கொடுத்த முற்பணம், லொறிக் கூலி என்று சில நிரல்கள் கொண்ட ஒரு விரிதாள் போதும். கொப்பியில் எழுதி வந்த கணக்கைக் கணினிக்கு மாற்ற நினைக்கும் இப்படிப்பட்டவருக்கு, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் அமேசனில் ஒரு பொதி வாங்கி அனுப்பினாலும் அனுப்பலாம். அன்பு பெரிதுதான். ஆனால் அந்தப் பென்ட்ரைவ் வந்து சேரும்போது அதிலுள்ள பதிப்பு பழையதாகி விட்டிருக்கும். பொருளோடு தபால் செலவும் சேர்ந்திருக்கும். நீர்வேலியில் இருந்துகொண்டே கைத்தொலைபேசி இணைப்பில் தரவிறக்கினால், ஏறத்தாழ 350 மெகாபைட் டேட்டாவுடன் வேலை முடிந்துவிடும்.

இந்த மென்பொருளின் பூர்வீகத்தையும் சற்றுச் சொல்ல வேண்டும். ஜேர்மனியில் ஸ்டார் ஒபிஸ் என்ற பெயரில் இருந்ததை 1999இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் வாங்கி, 2000ஆம் ஆண்டு அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுவே ஓபன் ஒபிஸ். 2010இல் சன் நிறுவனம் ஒரக்கிளின் கைக்கு மாறியபோது, அதில் வேலை செய்தவர்களில் ஒரு பெரும் பகுதியினர் பிரிந்து டொக்கியுமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பை நிறுவி, அதே நிரலிலிருந்து லிப்ரே ஒபிஸை உருவாக்கினர். கடைக்காரர் கைமாறினாலும் பொருள் மறையவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. இன்று ஓபன் ஒபிஸை விட லிப்ரே ஒபிஸே வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது. இரண்டில் ஒன்று என்றால் அதையே தெரிவு செய்யலாம். அதன் முகப்பைத் தமிழிலும் வைத்துக்கொள்ள முடியும்.

ஆக்கியவர்களே பெரிய கடைகளில் விலை போட்டு வைப்பதும் உண்டு. 2022 செப்டெம்பரில் அப்பிளின் மெக் கணினிகளுக்கான அங்காடியில் லிப்ரே ஒபிஸ் 8.99 யூரோ விலையில் வைக்கப்பட்டது. அதே மென்பொருள் அமைப்பின் சொந்தத் தளத்தில் இலவசமாகவே தொடர்ந்தது. கடை மூலம் எடுப்பவருக்குப் புதிய பதிப்புகள் கடை வழியாகவே வந்து சேரும். அந்த வசதிக்கான கட்டணம் மென்பொருளை வளர்க்கும் வேலைக்குப் போகும் என்றே அமைப்பும் அறிவித்தது. இப்படிக் காசு கொடுப்பதில் தவறில்லை. அது உழைத்தவரிடம் போகிறது.

இதே 2022இல் மைக்ரோசொப்ட் தன் அங்காடியில், இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளுக்கு விலை வைத்து இலாபம் பார்க்கக் கூடாது என்று ஒரு விதியைக் கொண்டுவர முயன்றது. பிறர் உழைப்பை விற்போரைத் தடுப்பது நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஆனால் அந்த வாசகம் உண்மையான ஆக்கியோரின் வருமானத்தையும் அடைத்துவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. யூலை நடுப்பகுதியில் நடைமுறைக்கு வரவிருந்த விதி பிற்போடப்பட்டு, அந்த வாசகமும் நீக்கப்பட்டது. ஆகவே பெரிய அங்காடியில் இருக்கிறது என்பதற்காக விற்பவர் யார் என்பதைக் கடை பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. பதிப்பாளர் பெயரை வாங்குபவர்தான் வாசிக்க வேண்டும்.

கடை மூடினால்?

அமேசன் 2011இல் அண்ட்ரொய்ட் தொலைபேசிகளுக்கென ஒரு செயலி அங்காடியைத் திறந்தது. நாளுக்கு ஒரு கட்டணச் செயலியை இலவசமாகக் கொடுத்து ஆட்களை இழுத்தது. 2025 ஓகஸ்ட் 20இல் அண்ட்ரொய்ட் தொலைபேசிகளுக்கான அந்தக் கடையை மூடிவிட்டது. தனது சொந்தச் சாதனங்களுக்கு மட்டும் தொடர்கிறது. அங்கே காசு கொடுத்துச் செயலி வாங்கியவர்களுக்கு, அவை தொலைபேசியில் தொடர்ந்து இயங்கும் என்ற உத்தரவாதம் இல்லாமற் போனது. ஆனால் வீடியோ பார்க்க உதவும் விஎல்சி போன்ற திறந்த மூலச் செயலியை அங்கிருந்து எடுத்தவருக்கு இழப்பு எதுவுமில்லை. அதன் சொந்தத் தளத்தில் மீண்டும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மொத்தக் கடை மூடினாலும் தோட்டம் தெரிந்தவருக்குக் குலை கிடைக்கும் என்பது நீர்வேலி வியாபாரிக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இலவசம் என்று தேடி ஓடுவதிலும் ஆபத்து உண்டு. படங்களைத் திருத்த உதவும் கிம்ப் என்ற மென்பொருளைத் தேடியவர்களுக்கு 2022 ஒக்டோபரில் கூகுளில் ஒரு விளம்பரம் வந்தது. முகவரி சரியானது போலவே காட்சியளித்தது. அழுத்தியவர்களோ ஒன்றிரண்டு எழுத்து மாறிய போலித் தளத்துக்குப் போய், கணினியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திருடும் நிரலைத் தரவிறக்கினார்கள். வங்கிக் கணக்கை இணையத்தில் கையாளும் ஒரு வர்த்தகருக்கு இது எவ்வளவு பெரிய நட்டம் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே தேடல் விளம்பரங்களை அழுத்தாமல், லிப்ரேஒபிஸ் டொட் ஓர்க் என்ற முகவரியை நேரடியாகத் தட்டெழுதிச் செல்வதே பாதுகாப்பானது.

நமது கடைகளில் பலவற்றில் ஓடுவது அமேசனில் வாங்கியதும் அல்ல, தரவிறக்கியதும் அல்ல. கணினி விற்றவர் சும்மா போட்டுக் கொடுத்த திருட்டுப் பிரதி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கிறது. கொடுக்கல் வாங்கலில் பேணுதலாக இருக்க விரும்புபவர், சட்டம் இல்லாவிட்டாலும் இதை யோசிப்பார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பின் திரும்பி வந்து வெறுங்கையோடு கடை திறந்தவர்களுக்கு உரிமத்துக்கு ஒதுக்கப் பணம் இருந்திருக்காது என்பதும் உண்மை. அப்படிப்பட்டவர்களுக்கே திறந்த மூல மென்பொருள் மிகவும் பொருத்தம். ஒருமுறை தரவிறக்கியதை இரண்டாவது கடைக்கும், மகனின் மடிக்கணினிக்கும், பக்கத்துக் கடைக்காரருக்கும் பிரதி செய்து கொடுக்கலாம். அது களவு அல்ல, உரிமமே அனுமதிப்பது.

மாறும்போது சில சிரமங்கள் இருக்கும். எக்ஸெலில் மெக்ரோ எழுதிப் பழகியவர்களின் தாள்கள் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பற்றுச்சீட்டுகள், அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். எழுத்துருவைப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். புதிய கணக்குகளை யுனிகோட் தமிழில் தொடங்குவது நல்லது. கொழும்பிலுள்ள கணக்காளருக்கு அனுப்பும்போது மட்டும் ‘சேவ் அஸ்’ மூலம் எக்ஸெல் வடிவில் ஒரு பிரதி எடுத்து அனுப்பினால் போதும்.