வேகமாகத் துடிக்கும் இண்டிகேட்டர்: அதுவும் ஓர் எரர் மெசேஜ்தான்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் இண்டிகேட்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "ஏதோ கோளாறு, எந்தப் பார்ட்டை மாற்றட்டும்?" என்பதுதான். கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. அதைத் தேடிப் பிடிக்கப் பழக, காரின் இண்டிகேட்டர் நல்ல பயிற்சி. கீபோர்டு போல ஒரு சுவிட்ச், பிராசசர் போல ஒரு ரிலே, மானிட்டர் போல நான்கு பல்புகள். அவ்வளவுதான்.

ஓசூர் பக்கத்தில் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளிதான் எங்கள் ஊர். அங்கே என் சித்தப்பாவின் காருக்கு 15 வயது நிறையப் போகிறது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் இதை "எஃப்.சி. காட்டுவது" என்போம். அந்த நேரம் பார்த்து வலது இண்டிகேட்டர் மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது.

"ரிலே போயிடுச்சாம்டா. புதுசு வாங்கிப் போட்டுடலாமா?" என்றார் சித்தப்பா.

"இடது பக்கம் எப்படி இருக்கு சித்தப்பா?"

"அது நல்லாத்தான் எரியுது."

அப்படியென்றால் ரிலே போகவில்லை! பெரும்பாலான பழைய கார்களில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ரிலேதான். கீபோர்டில் ஓர் எழுத்து மட்டும் விழவில்லை என்றால் பிராசசரைச் சந்தேகிப்போமா?

ஏன் வேகமாக அடிக்கிறது? இங்கேதான் சுவாரசியம். பல கார்களில் முன்னால் ஒரு 21 வாட் பல்பு, பின்னால் ஒரு 21 வாட், பக்கவாட்டில் 5 வாட் சிறிய பல்பு. மொத்தம் 47 வாட். 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 3.9 ஆம்பியர் மின்சாரம் ஓடும். ஒரு பெரிய பல்பு போய்விட்டால் அது 2.2 ஆம்பியராக இறங்கிவிடும். எலக்ட்ரானிக் ரிலே இந்தக் குறைவை உணர்ந்து, வேண்டுமென்றே வேகமாகத் துடிக்கிறது. கம்ப்யூட்டரில் ரேம் சரியாகப் பொருந்தாவிட்டால் மதர்போர்டு 'பீப் பீப்' என்று கத்துவது போல, "ஒரு பல்பு எரியவில்லை" என்று டிரைவருக்குச் சொல்லும் செய்தி அது.

அந்தச் செய்தி ஏன் தேவை? பின்பக்க பல்பு எரியாவிட்டால் டிரைவருக்குத் தெரியாது. டேஷ்போர்டில் அம்புக்குறி மின்னும், முன் விளக்கும் எரியும். பின்னால் வரும் லாரிக்காரருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. ஓசூர் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் இரவில் லாரிகள் வரிசையாக வரும்போது, சிக்னல் இல்லாமல் வலது பக்கம் திரும்பும் காரை நினைத்துப் பாருங்கள். எஃப்.சி.யில் வண்டி திரும்பி வந்தால் ஒருநாள் லீவுதான் நஷ்டம்.

சரி, சோதனைக்கு வருவோம். சிவப்பு முக்கோணம் போட்ட ஹசார்டு பட்டனை அழுத்துங்கள். நம் ஊரில் பலர் இதைப் பார்க்கிங் லைட் என்பார்கள். நான்கும் மின்னினால் பல்பு, வயர், ரிலே எல்லாம் நலம். அப்படியிருந்தும் இண்டிகேட்டர் போட்டால் வேலை செய்யவில்லையா? ஸ்டீயரிங் அடியில் உள்ள சுவிட்சையோ இண்டிகேட்டர் பியூஸையோ பாருங்கள். ஹசார்டும் இல்லை, இரு பக்கமும் இல்லை என்றால் ரிலேயைச் சந்தேகிக்கலாம். விளக்கு மின்னாமல் நின்று எரிந்தாலும் அப்படியே. பியூஸ் மாற்றும்போது அதே ஆம்பியர் உள்ளதையே போடுங்கள். சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றும் கைவைத்தியம் வேண்டாம். பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

சித்தப்பாவின் காரில் வலது பின் விளக்கு மட்டும் எரியவில்லை. பல்பைக் கழற்றினோம். இழை அறுபடவில்லை, கண்ணாடியும் கறுக்கவில்லை. அதை இடது பக்க ஹோல்டரில் போட்டேன். பளிச்சென்று எரிந்தது! சந்தேகப்படும் மவுஸை வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பது போன்ற வேலைதான் இது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பல்பையும் ரிலேயையும் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

பல்பு நல்லது, ஹோல்டர்தான் கெட்டது. உள்ளே பச்சையாகக் களிம்பு. மழைத் தண்ணீர் புகுந்திருக்கிறது. இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நைஸ் எமரித் தாளால் தேய்த்ததும் வேகம் பழையபடி ஆனது. ரிலே செலவு மிச்சம்.

இன்னொரு வினோதமும் உண்டு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கும், அல்லது பிரேக் விளக்கும் சேர்ந்து மின்னும். அது பெரும்பாலும் எர்த் கோளாறு. அந்த விளக்குக்கான எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கினாலே பலமுறை சரியாகிவிடும்.

புது பல்பு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வெள்ளைக் கண்ணாடி விளக்குகளுக்கான ஆரஞ்சு நிற பல்பில் இரண்டு முள்ளும் நேர் எதிரே இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். வெள்ளை பல்பை அங்கே தவறிப் போட்டுவிடாமலிருக்கவே இந்த ஏற்பாடு. ரேமில் உள்ள வெட்டு மாதிரி. உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அது வேறு பல்பு. அழகுக்காக எல்.இ.டி. போட்டாலும் தலைவலிதான். அது மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால் பழைய ரிலே பல்பு போய்விட்டதாக நினைத்து வேகமாக அடிக்கும். இது தெரியாமல் வயரிங் முழுவதையும் பிரித்தவர்கள் உண்டு.

புதிய கார்களில் தனி ரிலே இருக்காது. பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற குட்டிக் கம்ப்யூட்டரே பல்புகளை இயக்கும். டிக் டிக் சத்தத்தைக்கூட பல கார்களில் ஒரு சிறு ஸ்பீக்கர்தான் எழுப்புகிறது. கடையில் கிடைக்கும் மலிவான ஓ.பி.டி. ரீடரைச் செருகி இண்டிகேட்டர் கோளாறைத் தேடாதீர்கள். அவை பெரும்பாலும் இன்ஜின் சங்கதியை மட்டுமே படிக்கும். ஹசார்டு சோதனையும் பல்பு மாற்றிப் பார்ப்பதும் அங்கேயும் பலிக்கும்.

பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. முடியும் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். வண்டியை ஆய்வாளரிடம் கொண்டுபோவதற்கு முதல்நாள் மாலை இதைச் செய்யுங்கள். பின்னால் நின்று பார்க்க ஆளில்லை என்றால், செல்போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். முதலில் வலது, பிறகு இடது, பிறகு ஹசார்டு, அதன்பின் பிரேக்கை மிதித்தபடி மீண்டும் இரண்டு பக்கமும். முன்பக்கமும் இதேபோல் எடுங்கள். வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, 15 விநாடிக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். விதிப்படி நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை இருக்கலாம். அதாவது உங்கள் எண்ணிக்கை 15-க்கும் 30-க்கும் இடையில் வர வேண்டும். சித்தப்பா காரில் 21 வந்தது.